மகிழுந்தை ஜாக்கியால் உயர்த்துதல்

மகிழுந்தை ஜாக்கியால் உயர்த்துதல் என்பது, டயர் மாற்றுவதற்கோ பிரேக், சஸ்பென்ஷன் முதலிய பகுதிகளைப் பார்ப்பதற்கோ வண்டியின் ஒரு மூலையை அல்லது ஒரு பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கும் செயலாகும். ஏறத்தாழ எல்லா ஓட்டுநர்களும் என்றாவது ஒரு நாள் செய்ய நேரும் வேலை இது. ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்தால் வண்டியின் அடித்தகடு நசுங்கும், குழாய்கள் உடையும், விளிம்புகள் மடங்கித் துருப்பிடிக்கும். தவறான முறையில் தூக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி அருகில் இருப்பவர் மேல் விழக்கூடும். வண்டியின் எடையை ஏற்பதற்கென்றே வலுவூட்டப்பட்ட இடத்தில் அந்த எடையை ஏற்றினால் இவ்விரு கேடுகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

அடிப்பகுதியின் அமைப்பு

மகிழுந்துகளின் உடலமைப்பு இரண்டு வகைப்படும். முதல் வகையில் ஏணி வடிவிலான கனத்த எஃகுச் சட்டகம் கீழே இருக்கும். எஞ்சினும் உடற்கூடும் அதன் மேல் பொருத்தப்படும். இதைப் பொதுவாகச் சேசிஸ் என்பர். மகிந்திரா பொலேரோ, டாட்டா சுமோ போன்ற வண்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. லாரிகளும் பேருந்துகளும் இவ்வாறே கட்டப்படுகின்றன.

இரண்டாவது வகையில் தனிச் சட்டகம் இல்லை. தகடுகளை வளைத்துப் பெட்டிபோல் ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கிய கூடே முழுச் சுமையையும் தாங்குகிறது. இது மோனோகாக் அமைப்பு எனப்படும். இத்தாலியில் 1922இல் வெளிவந்த லான்சியா லாம்ப்டா, பிரான்சில் 1934இல் வெளிவந்த சிட்ரோயன் டிராக்சியோன் அவான் ஆகியவை இந்த அமைப்பைப் பயன்படுத்திய முன்னோடி வண்டிகள். இன்று சாலையில் ஓடும் சிறிய, நடுத்தர மகிழுந்துகள் ஏறத்தாழ எல்லாமே இவ்வகையினவே. மாருதி ஆல்டோ, ஸ்விப்ட், ஹூண்டாய் ஐ10 ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

மோனோகாக் வண்டியின் தரைத்தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனே கொண்டது. அதன் வலிமை தடிமனால் வருவதன்று. மடிப்புகளாலும் பெட்டி வடிவத்தாலும் வருவது. எனவே கீழிருந்து பார்க்கும்போது ஒரே இரும்புப் பரப்பாகத் தோன்றினாலும், ஓரிடத்தில் நூற்றுக்கணக்கான கிலோவைத் தாங்கும் தகடு ஒரு சாண் தள்ளி நசுங்கிவிடும்.

சுமையும் பரப்பும்

எஞ்சின் முன்புறம் உள்ள வண்டிகளில் எடையின் பெரும்பங்கு முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. 1,000 கிலோ எடையுள்ள வண்டியில் முன்பக்கம் 600 கிலோ என்று கொண்டால், ஒரு முன் சக்கரத்தின் பங்கு 300 கிலோ. அந்த மூலையைத் தூக்கும் ஜாக்கி 300 கிலோவையோ அதற்குச் சற்று மேலான சுமையையோ ஏற்க வேண்டியிருக்கும்.

டயரில் காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. டயர் தரையை அழுத்தும் அளவும் ஏறத்தாழ அதுவே. அதே 300 கிலோவை 3 செ.மீ. விட்டமுள்ள ஜாக்கித் தலை தாங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 42 கிலோ விழுகிறது. இது டயர் தரையை அழுத்துவதைப் போல் சுமார் 18 மடங்கு. சாதாரணத் தரைத்தகடு இந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. பலகையோ ரப்பரோ வைத்துப் பரப்பைக் கூட்டினால் அழுத்தம் குறையும். ஆயினும் வலுவற்ற இடம் அதனால் வலுவுள்ள இடமாகிவிடாது.

தூக்குவதற்குரிய இடங்கள்

மோனோகாக் வண்டிகளில் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி வடிவிலான பக்கச் சட்டம் ஒன்று ஓடுகிறது. அதன் அடியில் இரண்டு அல்லது மூன்று தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்ட விளிம்பு, கத்தியின் முனைபோல் கீழ்நோக்கி நிற்கும். இந்த விளிம்பில் ஒரு பக்கத்துக்கு இரண்டாக நான்கு இடங்கள் உள்ளே கூடுதல் தகடு கொடுத்து வலுவூட்டப்பட்டிருக்கும். ஓர் இடம் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், மற்றொன்று பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இருக்கும்.

பல வண்டிகளில் இந்த இடத்தைக் காட்ட விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும். ஜாக்கியின் தலை அவ்விரண்டு வெட்டுகளுக்கு நடுவில் அமர வேண்டும். சில வண்டிகளில் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடியில் சிறிய முக்கோணக் குறியோ அம்புக்குறியோ இருக்கும். குறி எதுவும் தெரியாவிட்டால் வண்டியுடன் வரும் கையேட்டில் படத்துடன் இடம் காட்டப்பட்டிருக்கும். ஒரு வண்டிக்குப் பொருந்தும் இடம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

இந்த விளிம்பு மேலிருந்து கீழாக வரும் சுமையை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் எளிதாக மடங்கிவிடும். அதனால்தான் வண்டியுடன் தரப்படும் ஜாக்கியின் தலையில் நடுவே பள்ளம் இருக்கிறது. விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் அமர்ந்து சாயாமல் நிற்கிறது. தட்டையான தலை கொண்ட ஜாக்கியைப் பயன்படுத்துவதாக இருந்தால், நடுவில் பள்ளம் வெட்டிய கெட்டி ரப்பர் வில்லையைத் தலைமேல் வைக்க வேண்டும். இவை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கின்றன.

சேசிஸ் உள்ள வண்டிகளில் சட்டகத்தின் நீளவாட்டுக் கட்டைகளிலோ, பின்புற ஆக்சிலில் பட்டைவில் பொருத்தப்பட்ட இடத்துக்கு அருகிலோ தூக்குவது வழக்கம். இங்கும் கையேடு காட்டும் இடமே சரியான இடம்.

தூக்கக் கூடாத இடங்கள்

ஜாக்கித் தலைக்கு வசதியாகத் தட்டையாகத் தெரியும் பல பகுதிகள் சுமை தாங்குபவை அல்ல.

ஆயில் சம்ப்: எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி. தகட்டாலானது நசுங்கும், அலுமினியத்தாலானது விரிசல் விடும். எண்ணெய் கசிந்தது தெரியாமல் வண்டியை ஓட்டினால் எஞ்சினே பழுதாகும்.

கியர் பெட்டி, டிஃபரென்ஷியல் பெட்டி: பல வண்டிகளில் இவற்றின் கூடுகள் வார்ப்பு அலுமினியத்தாலானவை, ஓரிடத்தில் குவியும் சுமையில் உடையலாம்.

தரைத்தகடு: கால் வைக்கும் இடத்தின் அடிப்பகுதி. நசுங்கினால் உள்ளே விரிப்பு மேடாக எழும். அங்கே ஓடும் பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் நெரிபடும்.

சைலன்சர் குழாய், பெட்ரோல் டாங்க், பம்பர்: இவற்றில் எதுவும் வண்டியின் எடையைத் தாங்காது. எஃகு பம்பர் இருந்த காலத்தில் அமெரிக்க வண்டிகளில் பம்பரில் கொக்கிபோல் மாட்டித் தூக்கும் ஜாக்கிகள் தரப்பட்டன. பம்பர்கள் பிளாஸ்டிக் உறை பெற்ற பின் அம்முறை மறைந்தது.

பின்புற டார்ஷன் பீம்: முன்சக்கர இயக்க வண்டிகளில் இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். இது முறுக்கு விசைக்காகச் செய்யப்பட்டது. இதன் நடுவில் தூக்குவதைப் பல தயாரிப்பாளர்கள் தடை செய்துள்ளனர்.

ஜாக்கியின் வகைகள்

கத்தரி ஜாக்கி: வண்டியுடன் பெரும்பாலும் தரப்படுவது இதுவே. நீண்ட மரையாணியைச் சுழற்றும்போது கத்தரிபோல் மடங்கிய கைகள் நிமிர்ந்து மேலெழும். சுழற்றுவதை நிறுத்தினாலும் மரையின் உராய்வினால் அது தானாக இறங்குவதில்லை. ஆனால் அடிப்பாகம் குறுகியது. பக்கவாட்டு அசைவைத் தாங்காது. சாலையோரத்தில் டயர் மாற்ற மட்டுமே இது ஏற்றது.

பாட்டில் ஜாக்கி: எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. சிறிய உருளையில் கொடுக்கும் அழுத்தம் பெரிய உருளையில் பெரு விசையாக மாறும் என்ற பாஸ்கலின் விதி இதற்கு அடிப்படை. இவ்விதியைக் கொண்டு ஜோசப் பிராமா 1795இல் இங்கிலாந்தில் நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். எடுத்துச் செல்லக்கூடிய ஜாக்கிக்கு ரிச்சர்ட் டட்ஜியன் 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பாட்டில் ஜாக்கி மிகுந்த எடையைத் தூக்கும். ஆனால் உயரம் அதிகம் என்பதால் தாழ்வான மகிழுந்துகளின் அடியில் நுழையாது. தலையும் சிறியது. சேசிஸ் வண்டிகளுக்கே இது பொருத்தம்.

டிராலி ஜாக்கி: சக்கரங்கள் கொண்ட, பட்டறைகளில் காணப்படும் வகை. அகன்ற அடிப்பாகம் உள்ளதால் உறுதியானது. இதன் கை வட்டப்பாதையில் எழுவதால், தலை மேலே போகும்போது கிடைமட்டத்திலும் சிறிது நகரும். அந்த நகர்வுக்கு ஈடாக ஜாக்கியின் சக்கரங்கள் தரையில் உருள வேண்டும். மணலிலோ உடைந்த தரையிலோ அவை உருளாமல் மாட்டிக்கொண்டால், தலை விளிம்பிலிருந்து இழுபட்டு நழுவும். ஆகவே டிராலி ஜாக்கிக்குச் சமமான சிமென்ட் தரை தேவை.

முன்னேற்பாடு

வண்டி சமமான, கெட்டியான தரையில் நிற்க வேண்டும். சாலையில் டயர் பஞ்சரானால், டயர் பாழாகும் என்று அஞ்சி அதே இடத்தில் நிறுத்துவதைவிட, மெதுவாகச் சிறிது தூரம் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுபோவது மேலானது. மேம்பாலச் சரிவும் திருப்பமும் ஆபத்தானவை. நான்கு திசைவிளக்குகளையும் சேர்ந்து எரியவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தொலைவில் வைக்க வேண்டும். வண்டிக்குள் இருப்பவர்கள் அனைவரும் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும்.

அடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் வைக்க வேண்டும். தானியங்கிக் கியர் வண்டி என்றால் நிறுத்தக் கியரில் வைக்க வேண்டும். ஆனால் இவை மட்டும் போதாது. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே செயல்படுகிறது. பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தால் அதன் பிடி போய்விடும். முன்சக்கர இயக்க வண்டியில் கியரும் முழுக் காப்பன்று. ஒரு முன் சக்கரம் அந்தரத்தில் இருந்தால், டிஃபரென்ஷியல் வழியாக அது எதிர்த்திசையில் சுழல, தரையில் உள்ள மற்றச் சக்கரம் உருள முடியும். எனவே தூக்கும் மூலைக்குக் குறுக்கெதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். இடது முன் சக்கரத்தைத் தூக்கினால் வலது பின் சக்கரத்துக்குக் கட்டை. உருண்டைக் கல்லைவிட முக்கோணமாக வெட்டிய மரக்கட்டை நன்றாகப் பிடிக்கும்.

தூக்கும் முறை

1. சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே வீல் ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பின் இறுகிய நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டி ஜாக்கியிலிருந்து ஆடி விழும்.

2. தூக்கும் இடத்தில் உள்ள சேற்றையும் மண்ணையும் துடைத்து, வெட்டுகளைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இரவில் கைப்பேசி விளக்கு போதும். தடவிப் பார்த்து ஊகிப்பது போதாது.

3. தரை மண்ணாகவோ வெயிலில் இளகிய தாராகவோ இருந்தால் ஜாக்கியின் அடியில் அகலமான கெட்டிப் பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி உயர்வதற்குப் பதில் ஜாக்கி தரையில் இறங்கும்.

4. தலை விளிம்பைத் தொடும் வரை உயர்த்தி நிறுத்த வேண்டும். விளிம்பு பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா, பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடியில் தலை இடிக்கிறதா, ஜாக்கி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

5. சிறிது உயர்த்தியதும் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உயரும்போது வண்டி மறுபக்கம் சாய்வதால் ஜாக்கியும் சற்றுச் சாயக்கூடும். சாய்வு தெரிந்தால் வண்டியை இறக்கி, இடத்தைத் திருத்தி, மறுபடி தூக்க வேண்டும். பாதி உயரத்தில் ஜாக்கியைத் தட்டி நேராக்கக் கூடாது.

6. தேவையான உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது. பஞ்சரான டயரைக் கழற்ற ஓரிரு விரல் இடைவெளி போதும். காற்று நிறைந்த ஸ்டெப்னியை மாட்டும்போது இன்னும் சற்று உயரம் வேண்டியிருக்கும்.

ஸ்டெப்னியை மாட்டும் வரை, அதைப் பக்கச் சட்டத்தின் அடியில் ஜாக்கிக்கு அருகே படுக்கவைப்பது நல்ல வழக்கம். ஜாக்கி நழுவினாலும் வண்டி முழுதாகத் தரையில் மோதாமல் டயரின் மேல் உட்காரும். மாற்றும்போது கழற்றிய சக்கரத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுக்கலாம்.

ஜாக்கியும் தாங்கியும்

ஜாக்கி தூக்குவதற்கான கருவி. தாங்கி நிற்பதற்கான கருவி அன்று. எண்ணெய் ஜாக்கியின் உள்ளே உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால், அழுத்தம் கசிந்து வண்டி மெல்ல இறங்கும். சில வேளை சட்டென்று இறங்கும். ஆகவே ஜாக்கியால் மட்டும் நிறுத்தப்பட்ட வண்டியின் அடியில் தலையையோ கையையோ காலையோ கொடுக்கக் கூடாது. கீழே உருண்டுபோன ஒரு நட்டை எடுப்பதற்கும் இது பொருந்தும். அதைக் குச்சியால் இழுத்துக்கொள்ளலாம்.

அடியில் படுத்து வேலை செய்ய வேண்டுமானால் மூன்று அல்லது நான்கு கால் கொண்ட எஃகுத் தாங்கிகள் தேவை. பட்டறைகளில் இவற்றை ஜாக் ஸ்டாண்டு என்பர். விளிம்பின் ஒரே இடத்தில் ஜாக்கியும் தாங்கியும் சேர்ந்து நிற்க முடியாது. எனவே கையேடு அனுமதிக்கும் முன்புறக் குறுக்குச் சட்டத்தில் டிராலி ஜாக்கியால் தூக்கி, இருபுறப் பக்கச் சட்டங்களின் வலுவூட்டிய இடங்களில் தாங்கிகளை ஒரே உயரத்தில் வைப்பர். தாங்கியின் ஊசி முழுதும் செருகியிருக்க வேண்டும். வண்டியை அதன் மேல் மெதுவாக இறக்கிய பின், வெளியே நின்று கையால் லேசாக அசைத்துப் பார்த்த பிறகே அடியில் செல்ல வேண்டும்.

செங்கல், ஹாலோ பிளாக், அடுக்கிய கற்கள் ஆகியவற்றைத் தாங்கியாகப் பயன்படுத்துவது பல ஊர்களில் காணப்படும் ஆபத்தான வழக்கம். எஃகு வளைந்து எச்சரிக்கை தரும். செங்கல்லும் சிமென்ட் கல்லும் எந்த அறிகுறியும் இன்றி ஒரு நொடியில் நொறுங்கும்.

இறக்குதல்

சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் கையால் முடிந்தவரை சுழற்றிய பின், ஸ்பேனரால் மிதமாக இறுக்க வேண்டும். நான்கு நட்டு என்றால் எதிரெதிராகவும், ஐந்து என்றால் விண்மீன் வரைவதுபோல் ஒன்றுவிட்டு ஒன்றாகவும் இறுக்குவது முறை. இல்லையெனில் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். பிறகு அடியில் எதுவும் இல்லை என்று பார்த்து வண்டியை மெதுவாக இறக்கி, தரையில் நின்றதும் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலான சிறிய மகிழுந்துகளுக்கு இந்த இறுக்கம் 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. 30 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 34 கிலோ விசை கொடுத்தால் 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதே ஸ்பேனரின் மேல் ஏறி நின்றால் இருநூறுக்கு மேல் போகும். அதனால் மரை சிதையலாம். சில பத்து கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி சரிபார்ப்பது நல்லது.

மின்வண்டிகள்

மின் மகிழுந்துகள் பலவற்றில் மின்கலத் தொகுதி இருக்கைகளின் கீழே, தரைப்பகுதியில் பொருத்தப்பட்டுள்ளது. டாட்டா நெக்சான் மின்வண்டி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கீழிருந்து பார்த்தால் இத்தொகுதி அகன்ற, தட்டையான, கெட்டியான பரப்பாகத் தெரியும். ஆனால் அதன் உறையில் ஜாக்கி வைத்தால் உள்ளே உள்ள கலங்கள் நசுங்கலாம். நசுங்கிய லித்தியம் அயனிக் கலம் தீப்பற்றக்கூடியது. தொகுதிக்கு வெளியே பக்கச் சட்டத்தில் உள்ள இடங்களில் மட்டுமே இவ்வண்டிகளைத் தூக்க வேண்டும். டெஸ்லா வண்டிகளில் இதற்கெனத் துளைகள் உள்ளன. அவற்றில் ரப்பர் வில்லையைப் பொருத்தித் தூக்குவர். மின்வண்டிகள் அதே அளவு பெட்ரோல் வண்டியைவிட எடை கூடியவை என்பதால் ஜாக்கியின் தாங்குதிறனையும் பார்க்க வேண்டும்.

விளிம்புச் சேதமும் துருவும்

தவறாகத் தூக்கியதன் அடையாளம் உடனே தெரியாமல் போகலாம். விளிம்பு சற்றே மடங்கும்போது அதன் மேலுள்ள பெயின்டும் அடிப்பூச்சும் வெடிக்கும். அந்த வெடிப்பில் மழைநீர் புகுந்து துரு தொடங்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்துகிறது. பக்கச் சட்டத்தின் அடியில் நீர் வடிய விடப்பட்ட சிறு துளைகள் சேற்றால் அடைபட்டால், துரு உள்ளிருந்தும் வளரும்.

துருப்பிடித்த விளிம்பு அடுத்த முறை தூக்கும்போது எடையைத் தாங்காமல் உள்வாங்கக்கூடும். ஜாக்கித் தலை தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போவதும் உண்டு. பழைய வண்டியைத் தூக்குமுன் அந்த இடத்தைத் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பார்க்கலாம். கெட்டித் தகடு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற தகடு மந்தமாக ஒலிக்கும், செதில் உதிரும். அவ்வாறானால் அங்கே தூக்காமல் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே முறை.

மடங்கிய விளிம்பைத் தொடக்கத்திலேயே டிங்கரிங் செய்பவரிடம் கொடுத்து நேராக்கி, துருவைத் தேய்த்தெடுத்து, பிரைமரும் அடிப்பூச்சும் பூசினால் செலவு சிறியது. பட்டி வைத்து மறைப்பதால் தோற்றம் மட்டுமே திரும்பும். எடையைத் தாங்கும் வலிமை திரும்பாது. பழைய வண்டி வாங்குபவர்கள் நான்கு தூக்குமிடங்களையும் குனிந்து பார்ப்பது பயன் தரும். விளிம்பு நேராகவும் பூச்சு உடையாமலும் இருந்தால் வண்டி கவனமாகக் கையாளப்பட்டிருக்கிறது என்று கொள்ள அது ஒரு நல்ல அடையாளம்.